அறுகமேட்டு முயல்களும் புதிய பன்றி ராஜாவும்

ஒரு காட்டில் யானைகள் ஆண்டுவந்தன. மருதங்காடு என்று அதற்குப் பெயர். பெரிய காடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பருந்து பறந்தால்கூட நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறித்தான் போக வேண்டும். ஆனால் நம் கதை அந்தக் காட்டைப் பற்றியது இல்லை, குழந்தைகளே. அதன் கிழக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறு நாட்டைப் பற்றியது.

அந்த நாட்டின் பெயர் அறுகமேடு. ஒரு மேடு, மேடு முழுக்க அறுகம்புல், மேட்டின் அடியில் ஒரு குட்டை. நாடு அவ்வளவுதான். குடிமக்கள் எல்லோரும் முயல்கள். குட்டைக்குத் தண்ணீர் மருதங்காட்டு ஆற்றிலிருந்து ஓர் ஓடை வழியாக வந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று பக்கமும் ஒரு புதர்கூட இல்லாத பொட்டல். பொட்டலுக்கு மேலே கழுகுகள் எந்நேரமும் வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

முயல்களுக்குத் தங்கள் காதுகளைப் பற்றிப் பெருமை தாங்காது. "இவ்வளவு நீளக் காது இருக்கும்போது, போய்ப் பார்ப்பது எதற்கு?" என்பார்கள். ஆகவே அந்த நாட்டில் எல்லாக் காரியமும் காதால்தான் நடந்தது. தினமும் காலையில் செவியமைச்சர் நெட்டைச்செவியார் கறையான் புற்றின்மேல் ஏறுவார். மருதங்காட்டுப் பக்கம் காதைத் திருப்புவார். கண்ணை மூடிக்கொள்வார். கேட்டதற்குப் பொருள் சொல்வார்.

"யானை ராஜா இரண்டு முறை பிளிறினார். நம்மேல் பிரியமாக இருக்கிறார்!"

உடனே எல்லா முயல்களும் துள்ளிக்கொண்டு மேயப் போகும்.

"இன்றைக்கு ராஜா பிளிறவே இல்லை. நம்மேல் ஏதோ வருத்தம்."

அன்று ஒருவருக்கும் புல் இறங்காது.

அந்த நாட்டில் துருவி என்று ஒரு பெண் முயல் இருந்தாள். எதைக் கண்டாலும் மூக்கை நுழைத்துப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒருநாள் அவள் புற்றுக்குக் கீழே நின்றுகொண்டு, "அமைச்சரே, ராஜா நம்மைப் பற்றித்தான் பிளிறுகிறார் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நெட்டைச்செவியார் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தார். "பின்னே? வேறு யாரைப் பற்றிப் பிளிறுவாராம்?"

எல்லோரும் சிரித்தார்கள். துருவிக்கும் பதில் தெரியாததால் அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

இப்படி இருக்கும்போது, ஒரு கோடைக்கு முன்னால் மருதங்காட்டில் ஆட்சி மாறியது. ஆறு மழைக்காலத்துக்கு ஒருமுறை அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் பெரிய மருத மரத்தடியில் கூடி, யார் ராஜா என்று முடிவு செய்யும். இதுவரை யானைதான், யானைதான் என்று சொல்லிவந்தவை, இந்தத் தடவை பன்றி, பன்றி என்று கத்தின. செம்பிடரி என்ற காட்டுப்பன்றி ராஜாவானார். தோற்றுப்போன யானை ராஜா கருமலையான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போனவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மைனா பறந்துபோகிற போக்கில் இந்தச் செய்தியை அறுகமேட்டில் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான், நாடே ஆடிப்போயிற்று.

"புது ராஜாவுக்குக் காணிக்கை அனுப்ப வேண்டும்!" என்றார் நெட்டைச்செவியார்.

"என்ன அனுப்புவது?" என்று கேட்டார் தலைவர் நரைமீசையார். அவர் நல்லவர். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தோன்றும்.

"வழக்கமாக என்ன அனுப்புவோமோ அதுதான். மூங்கில் குருத்து."

"பன்றி மூங்கில் குருத்து தின்னுமா?" என்றாள் துருவி.

"ராஜா என்றால் மூங்கில் குருத்து தின்பார்" என்றார் அமைச்சர்.

எட்டு முயல்கள் ஒரு கட்டு மூங்கில் குருத்தை இழுத்துக்கொண்டு போய், காட்டின் விளிம்பில் வைத்தன. வைத்த வேகத்தில் திரும்பி ஓடிவந்துவிட்டன. யார் எடுத்தார்கள், எடுத்தார்களா இல்லையா என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

பத்து நாள் போனது. குட்டையில் தண்ணீர் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் போனது. பாதிக் குட்டையைக் காணோம். ஓடையில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

நெட்டைச்செவியார் புற்றின்மேல் ஏறினார். காதைத் திருப்பினார். காட்டுக்குள்ளிருந்து "உர்ர்ர்... உர்ர்ர்..." என்று சத்தம் வந்தது. அவருக்கு மீசை நடுங்கியது.

"கோபம்! புது ராஜாவுக்கு நம்மேல் பயங்கரக் கோபம். அதனால்தான் தண்ணீரை நிறுத்திவிட்டார்!"

"நாம் என்ன செய்தோம்?" என்று எல்லோரும் அலறினார்கள்.

அமைச்சர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "பன்றி ராஜாவின் காது எவ்வளவு? இத்தனூண்டு. நம் காது எவ்வளவு? இவ்வளவு நீளம். ராஜாவைவிடப் பெரிய காதை நிமிர்த்திக்கொண்டு திரிந்தால் அவருக்குக் கோபம் வராதா?"

அதைக் கேட்டதும் எல்லோருக்கும் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று புரிந்துவிட்டது. அன்றைக்கே உத்தரவு பிறந்தது. எல்லா முயல்களும் காதை மடித்துப் புல்லால் கட்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் இன்னோர் உத்தரவு வந்தது. பன்றிகள் மூக்கால் மண்ணைக் கிளறுவதால், மரியாதைக்காக முயல்களும் மூக்கால்தான் கிளற வேண்டும். இரண்டே நாளில் நாடு முழுக்க மூக்கு வீங்கிய முயல்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்கவும் பயம். ராஜாவைக் கேலி செய்வதாக ஆகிவிட்டால்?

ஓடையில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

ஒருநாள் பகலில் பஞ்சுவாலி என்ற முயல் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு கழுகு இறங்கியது. காது கட்டியிருந்ததால் இறக்கைச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. துருவி மட்டும் ரகசியமாக ஒரு காதைத் தளர்த்தி வைத்திருந்தாள்.

"பஞ்சுவாலி அக்கா, படுங்கள்!"

பஞ்சுவாலி புல்லுக்குள் பாய்ந்தாள். கழுகுக்கு அவள் முதுகு மயிர் நாலு மட்டும்தான் கிடைத்தது.

துருவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அவளுக்கு அப்போது நான்கு குட்டிகள். பிறந்து ஒன்பதே நாள். முயல்கள் குட்டிகளைப் புல்லுக்குள் மறைத்துவைத்துவிட்டு நாளுக்கு ஒருமுறை, பொழுது சாயும் நேரத்தில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரும். நாள் முழுக்கக் கூடவே இருந்தால் அந்த இடம் கழுகுக்குத் தெரிந்துவிடும். துருவியும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

அன்று தலைவர் நரைமீசையார் எல்லோரையும் கூட்டினார். "குட்டைத் தண்ணீர் இன்னும் நான்கு நாளைக்குத்தான் வரும். அதற்குமேல் இங்கே இருக்க முடியாது. பொட்டலைத் தாண்டி வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்."

"குட்டிகள்?" என்று கேட்டாள் துருவி.

தலைவர் தரையைப் பார்த்தார். "ஓட முடிந்தவர்கள் ஓடுவோம், அம்மா."

துருவி குட்டிகள் இருந்த புல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது நாள் குட்டி பொட்டலை எப்படித் தாண்டும்? துக்கத்தோடு அவளுக்குக் கோபமும் வந்தது. இவ்வளவு பெரிய காட்டு ராஜாவுக்கு, ஒரு வாய்த் தண்ணீரைப் பிடித்துவைக்கிற அளவுக்கு நம்மேல் அப்படி என்ன கோபம்?

"நான் நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றாள்.

"நேரிலா!" நெட்டைச்செவியார் புற்றிலிருந்து வழுக்கியே விழுந்துவிட்டார். "நம் நாட்டில் யாரும் போய்ப் பார்த்ததே இல்லை!"

"அதனால்தான் போகிறேன், அமைச்சரே."

மறுநாள் விடிந்ததும் துருவி கிளம்பினாள். பொழுது சாய்வதற்குள் குட்டிகளிடம் திரும்பிவிட வேண்டும். கட்டியிருந்த காதை அவிழ்த்துவிட்டாள். ராஜாவிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பு மனுவை அமைச்சர் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். "பெருமைமிக்க பன்றிப் பெருமானே, நீளக் காதுக்காரர்களாகிய எங்களை மன்னித்து, தண்ணீரைத் திறந்துவிடுங்கள்" என்று அதை முணுமுணுத்துக்கொண்டே காய்ந்த ஓடைக்குள் இறங்கி நடந்தாள்.

ஓடை வெடித்துக் கிடந்தது. காட்டுக்குள் போகப்போக மரங்கள் அடர்ந்தன. ஓரிடத்தில் ஓடைக்கரை மண்ணில் பெரிய பெரிய குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முயல் வசதியாகப் படுக்கலாம். துருவி ஒன்றில் இறங்கிப் பார்த்தாள். உருண்டையாக, முன்பக்கம் நகம் நகமாகத் தடம். யானையின் காலடி! ஆனால் குழிக்குள் சருகு நிறைந்திருந்தது. சருகின்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. யானை இந்தப் பக்கம் வந்து நாளாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

காலடிகளைப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் ஒரே திசையில் போயின. கடைசியில் ஆற்றங்கரையில் போய் முடிந்தன.

அங்கே அவள் கண்ட காட்சியில் மனு பாதியில் மறந்துபோயிற்று. ஆறு நிறையத் தண்ணீர்! இரு கரையும் தொட்டுக்கொண்டு, யாருக்கும் தடை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றிலிருந்து ஓடை பிரியும் வாயில் மட்டும் ஒரு சேற்று மேடு. மேட்டின்மேல் ஆள் உயரத்துக்குக் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. காவலுக்கு ஒருவரும் இல்லை.

பக்கத்து மரக்கிளையில் ஒரு மீன்கொத்தி கடுகடுவென்று உட்கார்ந்திருந்தது.

"மீன்கொத்தி அண்ணே, இந்த ஓடையை அடைத்தது யார்?"

"யார் அடைத்தார்கள்? யாரும் அடைக்கவில்லை."

"புது ராஜா?"

"அவர் இந்தப் பக்கமே வந்ததில்லையே. இது யானைத்துறை. தினமும் யானைக் கூட்டம் இங்கே குளிக்க வரும். முப்பது யானை இறங்கி ஏறினால் சேறு நிற்குமா? கலங்கி அடித்துக்கொண்டு போய்விடும். நான் நிம்மதியாக மீன் பிடிக்க முடியாது. இப்போது யானை வருவதில்லை. சேறு படிந்தது. படிந்த சேற்றில் கோரை முளைத்தது. இப்போது கோரை மறைப்பதால் மீன் தெரியமாட்டேன் என்கிறது. எனக்கு எப்போதும் இதே கஷ்டம்தான்."

துருவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக யானை ராஜா பிரியப்பட்டுத் தண்ணீர் விடவில்லை. யானைகள் குளித்தன, தண்ணீர் வந்தது. பன்றி ராஜா கோபப்பட்டுத் தண்ணீரை நிறுத்தவும் இல்லை. யானைகள் குளிக்கவில்லை; தண்ணீர் வரவில்லை. இதற்காகவா ஒரு நாடே காதைக் கட்டிக்கொண்டது? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

உடனே சேற்று மேட்டில் ஏறி முன்னங்காலால் தோண்டினாள். பலன் இல்லை. கோரை வேர்கள் பாய் பின்னினாற்போல் பின்னிக் கிடந்தன. ஒரு பிடி எடுத்தால் இரண்டு பிடி சேறு சரிந்தது. அறுகமேட்டு முயல்கள் அத்தனை பேரும் வந்து தோண்டினாலும் நான்கு நாளில் முடியாது. அதுவும் வீங்கிய மூக்கோடு. தோண்டத் தோண்ட உருண்டை உருண்டையாகக் கோரைக்கிழங்குதான் வெளியே வந்தது. கால் முழுக்க அதன் வாசனை ஏறியது.

"ஏய்! யார் அது?"

பின்னால் ஒரு காட்டுப்பன்றி நின்றது. உருட்டிவைத்த பாறைபோல் இருந்தது.

"நான் அறுகமேட்டு முயல், ஐயா."

"அறுகமேடா? அது எங்கே இருக்கிறது?"

"கிழக்கே. உங்கள் காட்டை ஒட்டித்தான்."

"கேள்விப்பட்டதே இல்லையே" என்றது பன்றி. "நட, ராஜாவிடம்."

செம்பிடரி ராஜா தெற்கே ஒரு சேற்றுக் குழியில் மல்லாந்து கிடந்தார். சுற்றிலும் இருநூறு பன்றிகள். துருவி நடுங்கிக்கொண்டே கும்பிட்டாள்.

"அறுகமேடு என்று ஒரு நாடு இருக்கிறதாமே?" என்றார் ராஜா.

"ஆமாம், அரசே. தாங்கள் பட்டம் ஏற்றபோது காணிக்கைகூட அனுப்பினோம். மூங்கில் குருத்து."

"ஓ, அதுவா! வழியில் யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்."

துருவி எச்சிலை விழுங்கிக்கொண்டாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அரசே, காலையில் தாங்கள் உறுமுகிறீர்களே. அது யார்மேல் கோபம்?"

"காலையிலா?" ராஜா யோசித்தார். "முதுகு அரிக்கும். மரத்தில் தேய்த்துக்கொள்வேன். சுகமாக இருக்கும்."

துருவிக்கு வந்த சிரிப்பை அடக்கக் கால் நகத்தைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கோபமே இல்லாதபோது மனு கொடுப்பதில் என்ன பயம்? வாயைத் திறந்தாள். அதற்குள் ராஜாவுக்குப் பக்கத்திலிருந்த பன்றி கேட்டது:

"கிழக்கே அப்படி ஓர் இடம் இருக்கிறது என்றால், மண் எப்படி? ஈரம் உண்டா? பொதுபொதுவென்று இருக்குமா?"

இருநூறு மூக்குகள் அவள் பக்கம் திரும்பின.

துருவிக்கு ஆபத்து புரிந்தது. 'தண்ணீர் கொடுங்கள்' என்று கேட்டால், 'எங்கே ஊற்ற வேண்டும்?' என்று காட்டச் சொல்வார்கள். இருநூறு பன்றியும் அறுகமேட்டுக்கு வரும். ஒரே பொழுதில் மேட்டையே புரட்டிப்போடும். புல்லுக்குள் நான்கு குட்டிகள் படுத்திருக்கின்றன. வாய்வரை வந்த மனுவை அவள் அப்படியே விழுங்கினாள்.

"ஒரு விரல் மண்தான், ஐயா. கீழே எல்லாம் சரளைக்கல். மூக்கு கிழிந்துவிடும். எங்கள் மூக்கையே பாருங்களேன்."

அவள் மூக்கு வீங்கித்தான் இருந்தது. பன்றிகள் அதைப் பார்த்துவிட்டுச் சலிப்போடு திரும்பிக்கொண்டன. ராஜா மட்டும் திரும்பவில்லை. அவர் மூக்கு சுருங்கி விரிந்தது.

"உன் காலில் என்ன வாசனை?"

துருவி தன் முன்னங்கால்களைப் பார்த்தாள். சேறும் கோரைக்கிழங்கு வாசனையும். ராஜாவின் வாயோரம் எச்சில் ஊறுவதையும் பார்த்தாள். அந்த நொடியில் அவள் மூளை பளிச்சென்று வேலை செய்தது. கால்களைச் சட்டென்று வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

"ஒன்றும் இல்லை, அரசே."

"ஒன்றும் இல்லையா? காட்டு!"

"வேண்டாம், அரசே. அது தாங்கள் போகிற இடம் இல்லை."

"நான் போகாத இடமா? இந்தக் காட்டிலா?" ராஜா சேற்றிலிருந்து எழுந்தார். பிடரி மயிர் நிமிர்ந்தது.

"யானைத்துறையில் கோரை மண்டிக் கிடக்கிறது, அரசே. ஒவ்வொரு கிழங்கும் கொட்டைப்பாக்கு அளவு. ஆனால் அது பழைய ராஜா கருமலையானின் இடமாயிற்றே. அவர் போனபிறகும் யாரும் அங்கே கால் வைப்பதில்லையே. தாங்களும் மரியாதைக்காகத்தான் போகாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

"பழைய ராஜாவின் இடமா!" செம்பிடரி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்தன. "மரியாதையா! இந்தக் காட்டில் ஒவ்வொரு அடி மண்ணும் இப்போது என் இடம். கிளம்புங்கள்!"

இருநூறு பன்றிகளும் கிளம்பின. அதன்பிறகு அறுகமேடு என்று ஒரு நாடு இருப்பதோ, அதிலிருந்து ஒரு முயல் வந்ததோ ஒருவருக்கும் நினைவில்லை. துருவி புதருக்குள் ஒதுங்கி, அவர்கள் பின்னாலேயே ஓடினாள். எவ்வளவு ஆபத்தாக இருந்தாலும் பார்க்காமல் அவளால் இருக்க முடியாதே!

பன்றிகள் கோரைக்குள் பாய்ந்தன. மூக்கைச் செருகின, கிளறின, வேரோடு தூக்கி எறிந்தன. "நறுக், நறுக்" என்று கிழங்கு மெல்லும் சத்தம் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. முயல்கள் ஒரு மாதம் தோண்டினாலும் முடியாத மேடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்தது. முதலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு சாண். பிறகு மண் சரிந்தது. "சோ"வென்று ஆறு ஓடைக்குள் புகுந்தது.

துருவி வாலைக் கிளப்பிக்கொண்டு ஓடினாள். பின்னால் தண்ணீர் துரத்திக்கொண்டே வந்தது.

அறுகமேட்டில் அந்நேரம் ஒரே களேபரம். பன்றிகளின் காலடி கடகடவென்று கேட்டதும் நெட்டைச்செவியார் புற்றின்மேல் நின்று கதறினார். "படை வருகிறது! துருவி ஏதோ உளறிவிட்டாள். ராஜா படையெடுத்து வருகிறார். ஓடுங்கள்!"

நாடே பொட்டலின் விளிம்பில் வந்து நின்றது. தாய் முயல்கள் புல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதன. மேலே கழுகுகள் நெருங்கி வட்டமடித்தன. "நான் மூன்று என்று சொன்னதும் ஓடுவோம்" என்றார் நரைமீசையார். அவர் குரல் உடைந்திருந்தது. "ஒன்று... இரண்டு..."

"நில்லுங்கள்!"

ஓடைக்குள்ளிருந்து துருவி பாய்ந்து வந்தாள். உடம்பெல்லாம் சேறு.

"படைச் சத்தம் கேட்கவில்லையா உனக்கு?" என்று கத்தினார் அமைச்சர்.

"கேட்டேன். நீங்கள் திரும்பிப் பாருங்கள்!"

எல்லோரும் திரும்பினார்கள். ஓடை வாய் வழியாகச் சருகும் நுரையுமாகக் கலங்கல் தண்ணீர் வந்து குட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. பன்றி ஒன்றுகூட வரவில்லை.

பஞ்சுவாலிதான் முதலில் ஓடிப்போய் வாயை வைத்தாள். பிறகு எல்லோரும் ஓடினார்கள். துருவி மட்டும் குட்டைப் பக்கம் போகவில்லை. நேராகப் புல்லுக்குள் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான்கு குட்டிகளும் இருந்த இடத்திலேயே சுருண்டு கிடந்தன. அவள் வாசனை பட்டதும் நான்கும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. பால் கொடுக்கும்போது அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அவள் திரும்பி வந்தபோது நெட்டைச்செவியார் புற்றின்மேல் கம்பீரமாக நின்றிருந்தார். "ராஜா நம்மை மன்னித்துவிட்டார்! காதைக் கட்டியது வீண்போகவில்லை!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ராஜா நம்மைப் பற்றி என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"கோபமாகத்தானே இருந்தார்?"

"இல்லை. முதுகு அரித்ததாம்."

"மன்னித்துவிட்டதாகச் சொன்னாரா?"

"நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது. சொன்னேன். சொன்னதையும் மறந்துவிட்டார். யானை ராஜாவுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்." பிறகு யானைத்துறையில் கண்டதையும் பன்றிகள் கிழங்கு தோண்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

தண்ணீர் நின்றபோதுகூட முயல்களின் முகம் இவ்வளவு வாடவில்லை. நெட்டைச்செவியார் மெல்ல உட்கார்ந்தார்.

"கொஞ்சம்கூடவா கோபம் இல்லை?" என்று கேட்டார். கேட்கவே பாவமாக இருந்தது.

"கொஞ்சம்கூட இல்லை, அமைச்சரே."

குட்டையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைவர் நரைமீசையார் தன் காதைக் கட்டியிருந்த புல்லை அவிழ்த்துக் கீழே போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"துருவி, அங்கே கிழங்கு தீர்ந்துபோனால் பன்றிகள் எங்கே போகும்?"

"தெரியவில்லை, ஐயா. நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்."

"விடிந்ததும் எழுப்பு" என்றார் தலைவர். "நானும் வருகிறேன்."

நீதி: பெரிய அண்டை நாட்டில் ஆட்சி மாறினால், அவர்களுக்கு நம்மேல் கோபமா பிரியமா என்று ஊகித்து நடுங்காதே, அவர்களுடைய வழக்கத்தில் எது மாறியது என்று நேரில் போய்ப் பார்.